மகளின் வயலினை யார் கேட்பார்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். என் மகளுக்குப் பதினாறு வயது. எட்டு வயதிலிருந்து மேற்கத்திய வயலின் கற்கிறாள். யூனிசா பல்கலைக்கழகத்தின் இசைத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். ஒரு வருடமாக அவள் வாசிப்பதை யூட்யூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டுவருகிறேன். இருநூறு பேர் பார்த்தால் அதிகம். என் தம்பி, “சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல், பட்டு உடுத்தி நிற்கவை, லட்சம் பேர் பார்ப்பார்கள்” என்கிறான். கோயிலில் சிலர், “வெள்ளைக்காரன் சங்கீதம் நமக்கு எதற்கு?” என்று கேட்கிறார்கள். ஒரு வீடியோவின் கீழே யாரோ அவள் நிறத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வாத்தியத்தைத் தொடவில்லை. எங்கள் மாதர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து, இவளைப் போன்ற இந்திய, ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு பக்கம் தொடங்க நினைக்கிறோம். எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது? மூன்று வீடியோக்களின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

பதில்:

அம்மா,

பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மகள் இரண்டு நாள் வயலினைத் தொடவில்லை என்று இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்று மாலையே இதைச் செய்துவிடுங்கள். நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே கருத்துகள் வெளியாகும்படி யூட்யூப் அமைப்புகளில் மாற்ற முடியும். தடுக்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்றையும் அங்கே கொடுக்கலாம். நம்மூரில் இந்தியரை இழிவுபடுத்தும் சொற்கள் எவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுவிடாமல் சேருங்கள், எழுத்தை மாற்றி எழுதும் வடிவங்களையும் சேர்த்து. இன்ஸ்டாகிராமிலும் சொற்களைத் தடுக்கும் வசதி உண்டு. கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். வரும் கருத்துகளை நீங்களோ உங்கள் தம்பியோ படியுங்கள். வாசிப்பைக் கேட்டு எழுதியவை எவையோ அவற்றை மட்டும் வாரம் ஒருமுறை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அவளிடம் இதையும் சொல்லுங்கள். ஷேக்கு கன்னே-மேசன் என்ற செல்லோ கலைஞர் 2016-இல் பிபிசியின் இளம் இசைக் கலைஞர் போட்டியில் வென்றார். அந்தப் போட்டியில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 2018-இல் இங்கிலாந்து அரச குடும்பத் திருமணத்தில் உலகமே பார்க்க வாசித்தார். அவரே 2024 ஜனவரியில் ஒரு தேசபக்திப் பாடலைப் பற்றி வானொலியில் அமைதியாக ஒரு கருத்துச் சொன்னதும் இனவெறி வசவுகள் அவர்மேல் வந்து விழுந்தன. அவர் கைவில்லில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் மகள் கைவில்லிலும் அந்த வசவுக்குக் காரணம் இல்லை. நீங்கள் அனுப்பிய வீடியோவில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்பை அவள் வாசித்ததைக் கேட்டேன். அவளுடைய சுருதி சுத்தமாக இருக்கிறது, மெதுவாக நகரும் இடங்களில் அவசரப்படாமல் நிற்கத் தெரிந்திருக்கிறது. பதினாறு வயதில் இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கோயிலில் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? சண்டை வேண்டாம். ஒரு கதை சொல்லுங்கள், போதும்.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786-இல் பிறந்தவர். சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது கிடைத்தது. பாலுசுவாமிக்கு வயலின்மேல் ஆசை வந்தது. முதலியார் என்ன செய்தார்? ஓர் ஐரோப்பிய ஆசிரியரை அமர்த்தி முறைப்படி கற்றுக்கொடுக்க வைத்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? அண்ணன் முத்துசுவாமியோ அந்தப் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்களே, அவை அப்படிப் பிறந்தவைதான். பாலுசுவாமி 1858-இல் மறைந்தார். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நம் பாட்டன் பூட்டிகளை இந்த டர்பன் துறைமுகத்தில் இறக்கியபோது, வயலின் தமிழ்நாட்டு மேடையில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. அது எந்த நாட்டு வாத்தியம் என்று கேட்பவர்கள் இருநூறு வருடம் பிந்திக் கேட்கிறார்கள்.

இந்தக் கதையை அவர்களுக்காக மட்டும் நான் சொல்லவில்லை, உங்கள் குழுவுக்காகவும் சொல்கிறேன். மணலி முதலியார் அந்தப் பையனைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தார் என்பதால்தான் இன்று நாம் அந்தப் பெயரைச் சொல்கிறோம். இருபது ஆண்டுகளாக டர்பனில் இசைப் பதிவும் வெளியீடும் செய்துவருகிறேன். இணையத்தில் கலைஞரை ஆதரிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு கலைஞரின் பெயர் சரியாகப் பதிவாகி, அந்தப் பெயரைத் தேடிவந்த ஒருவர் அவருக்கு ஒரு மேடையோ பாடமோ பணமோ கொடுத்தால்தான் அதை ஆதரவு என்பேன். விருப்பக்குறிகள் அதற்கு வழிகாட்டலாம். வழி அங்கேயே நின்றுவிட்டால் பிள்ளைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. ஆபரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்தின் பாடகி பிரெட்டி யெண்டே, பீட் ரெட்டீஃப் ஊரில் கறுப்பினத்தவர் வாழும் நகரியம் ஒன்றில் வளர்ந்தவர். தொலைக்காட்சியில் ஒரு விமான நிறுவன விளம்பரத்தில் ‘லக்மே’ ஆபராவின் பாட்டு சில நொடிகள் ஒலித்தது. அது என்ன என்று பள்ளி ஆசிரியரிடம் போய்க் கேட்டார். 2013 ஜனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் முதல்முறை மேடையேறியபோது கால் தடுக்கி விழுந்தார், எழுந்து பாடினார். 2023-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூட்டு விழாவில் பாடினார். அந்த விளம்பரத்தைப் பார்த்த பிள்ளைகள் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம்! அவரை மேடைவரை கொண்டுபோனது கேப்டவுன் இசைக் கல்லூரியின் படிப்பு, ஆசிரியர்கள், பிறகு மிலானில் கிடைத்த பயிற்சி. சில நொடிப் பாட்டு பொறியை வைத்தது. விறகு வேறு இடத்திலிருந்து வந்தது.

இனி உங்கள் தம்பியின் யோசனை. அவர் அக்கறையில்தான் சொல்கிறார், கோபப்படாதீர்கள். சினிமாப் பாட்டுக்குப் பார்வைகள் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பார்வைகள் அடுத்த சினிமாப் பாட்டைத்தான் கேட்கும், பாக்கைக் கேட்காது. நாளை ஓர் இசைக்குழுவின் தேர்வாளரோ பல்கலைக்கழக ஆசிரியரோ அவள் பக்கத்தைத் திறந்தால் முதல் பத்து வீடியோக்களும் படப் பாடல்களாக இருக்கும். தவிர, அந்தப் பாடல்களின் உரிமை இசை நிறுவனங்களிடம் இருக்கிறது. அவள் வாசித்த வீடியோவில் வரும் விளம்பரப் பணமும் அவர்களுக்குப் போகலாம். வீட்டு விசேஷத்தில் ஆயாவுக்குப் பிடித்த பழைய பாட்டை அவள் வாசித்தால் அதைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் சந்தோஷமாகப் போடுங்கள். அவள் பெயரில் உள்ள பக்கத்தில் அவள் எதற்காகத் தினமும் பயிற்சி செய்கிறாளோ அது மட்டும் இருக்கட்டும்.

பட்டு உடுத்துவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வில் பிடிக்கும் கை தடையில்லாமல் போய்வர வேண்டும், தோள்தாங்கி வழுக்கக் கூடாது. வாத்தியம் கேட்பது இவ்வளவுதான். பட்டுப் பாவாடையில் பாக் வாசிக்க அவளுக்கே ஆசை என்றால் அது அழகு. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் என்பதற்காக உடுத்திவிட்டால், அவள் அதை உணர்ந்துகொள்வாள்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நகரியத்திலிருந்து வந்த ஓர் இளம் பாடகியைப் பதிவு செய்தேன். மொசார்ட் பாடினாள், எழுந்து நின்று கேட்க வேண்டிய குரல். அந்த வீடியோவை வெளியிடும்போது தலைப்பில் அவளுடைய தகரக் கூரை வீட்டைப் பற்றியும் பட்டினியைப் பற்றியும் எழுதினேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதுவரை நான் வெளியிட்ட எதையும்விட அதிகமாக அது பரவியது. எத்தனையோ பேர் கண்ணீர் வந்ததாக எழுதினார்கள். ஒருவர்கூட அவளைப் பாட அழைக்கவில்லை. அவள் தாயார் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “என் மகள் ஆறு மாதம் பாடம் செய்த பாட்டின் பெயரை நீங்கள் எங்கேயும் போடவில்லையே” என்றார். தலைப்பை அன்றே மாற்றினேன். ஆனால் பரவியது பரவியதுதான். அன்றிலிருந்து ஒரு கலைஞரின் துயரத்தை அவர் வாசிப்புக்கு முன்னால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். ‘முதல் இந்தியப் பெண்’, ‘முதல் தமிழ்ப் பிள்ளை’ என்ற பட்டங்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. பெரும்பாலும் அவற்றைச் சரிபார்க்க முடியாது. இவளுக்கு முன்னால் நிறவெறிக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் வாசித்துவிட்டுப் போன ஒருத்தியை அது அழித்துவிடவும் கூடும்.

உங்கள் வீடியோக்களுக்கு வருகிறேன். அவற்றுக்கு நீங்கள் வைத்த தலைப்பு ‘செல்ல மகள் வயலின் 1’, ‘2’, ‘3’. தாயின் அன்பு தெரிகிறது. ஆனால் உலகத்தில் யாரும் இந்தச் சொற்களைப் போட்டுத் தேடமாட்டார்கள். முதல் வீடியோவில் அவள் வாசிப்பது பாக்கின் டி மைனர் பார்ட்டிட்டா என்ற பல பகுதித் தொகுப்பு, பாக்கின் படைப்புப் பட்டியலில் 1004-ஆம் எண், அதன் முதல் பகுதியான அல்லெமாண்டா. தலைப்பில் இது அத்தனையும் வர வேண்டும்: இயற்றியவர், படைப்பு, எண், பகுதி, அடுத்து அவளுடைய முழுப் பெயர். கீழே உள்ள குறிப்பில் உடன் வாசித்தவர், ஆசிரியர், இடம், தேதி, பதிவு செய்தவர். அவள் பெயரை எங்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். நம் பெயர்களை அந்தக் காலத்து எழுத்தர்கள் ஒப்பந்தக் கூலிப் பட்டியல்களில் நூறு விதமாக எழுதினார்கள். ஒரே குடும்பத்தில் நாயுடுவும் நாய்டூவும் இருக்கிறார்கள். இணையத்தில் இரண்டு விதமாக எழுதினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

செவ்வியல் இசைக்கு இந்தத் தகவல்தான் உயிர். சினிமாப் பாட்டுக்கு ஒரு தலைப்பும் ஒரு பாடகர் பெயரும் போதும். இங்கே ஒரே படைப்பை ஆயிரம் பேர் வாசித்திருப்பார்கள். ஆப்பிள் நிறுவனம் 2023-இல் செவ்வியல் இசைக்கென்றே தனிச் செயலி வெளியிட்டது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். இயற்றியவர், படைப்பு, வாத்தியம், வாசித்தவர் என்று தனித்தனியாக அதில் தேடலாம். அவள் முறையாக வெளியிடும் பதிவில் தகவல் சரியாக இருந்தால் பெரிய கலைஞர்கள் பட்டியலில் உங்கள் மகள் பெயரும் வரும்.

தகவல் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரன்ஸ் பிரைஸ் சாட்சி. அமெரிக்கக் கறுப்பினப் பெண். 1933-இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. 1953-இல் அவர் இறந்தார், உலகம் மறந்தது. 2009-இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைப் புதுப்பிக்கப் போனவர்கள் பெட்டி பெட்டியாக அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார்கள். வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோக்கள் இரண்டு அதில் இருந்தன. கூரை இன்னும் கொஞ்சம் ஒழுகியிருந்தால் அவையும் போயிருக்கும். நம் நாட்டில் மைக்கேல் மொசோயு மொயெரானே 1941-இல் ஆர்கெஸ்ட்ராவுக்காக ‘ஃபாட்ஸே லா ஹேசோ’ என்ற படைப்பை எழுதினார். இசையில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர் அவர். அந்தப் பெயரை டர்பனில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் பக்கம் வாசிப்பவர்களைப் பற்றி மட்டும் பேசாமல், இப்படி எழுதியவர்களைப் பற்றியும் பேசட்டும்.

இரண்டாவது வீடியோவில் ஒலி ஏறி ஏறி இறங்குகிறது. அது அவள் தவறில்லை. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொலைபேசி தானாகவே சத்தத்தைச் சமப்படுத்தும். மெல்லிய இடத்தைத் தூக்கிவிடும், உரத்த இடத்தை அமுக்கிவிடும். அவள் கஷ்டப்பட்டுக் கற்ற ஏற்ற இறக்கம் அங்கே செத்துப்போகிறது. ஒலியைக் கையால் கட்டுப்படுத்த விடும் பதிவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கி, பிறகு படத்தோடு சேருங்கள். கருவி இரண்டு மீட்டர் தள்ளி, அவள் தலை உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். கோயில் மண்டபம் வேண்டாம், எதிரொலி சுரங்களை ஒன்றோடொன்று குழப்பிவிடும். திரைச்சீலையும் புத்தக அலமாரியும் உள்ள உங்கள் முன்னறை போதும். கன்னே-மேசன் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் 2020 ஊரடங்கில் தங்கள் வீட்டு அறையிலிருந்துதான் நேரலையில் வாசித்தார்கள். வில் முழுவதும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும். வயலின் கற்றவர்கள் முகத்தைவிட வலக்கையைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு பகுதியை முழுதாக, வெட்டு ஒட்டு இல்லாமல் போடுங்கள். அதிலிருந்து நாற்பது நொடித் துண்டு ஒன்றைத் தனியாக எடுத்து வாட்ஸாப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் வையுங்கள். நம் மக்கள் பலர் முன்பணம் கட்டி வாங்கும் டேட்டாவில் பார்க்கிறார்கள். ஆறு நிமிட வீடியோவைத் திறக்க அவர்கள் யோசிப்பதில் தவறில்லை. துண்டைக் கேட்டவர் வீட்டு வைஃபையில் முழுசையும் கேட்பார்.

பாக்கை வாசித்ததற்கு ஒருநாள் உரிமைக் கோரிக்கை வந்தால் பயப்படாதீர்கள். பாக் 1750-இல் இறந்தவர், அவர் இசைக்கு உரிமையாளர் யாரும் இல்லை. ஆனால் வேறு யாரோ வாசித்த பதிவுக்கு உரிமை உண்டு. யூட்யூபின் தானியங்கி முறை ஒலியை ஒப்பிடும்போது, ஒரே சுரங்கள் என்பதால் ஒருவர் வாசிப்பை இன்னொருவருடையது என்று எடுத்துக்கொள்கிறது. என்னிடம் பதிவு செய்த மாணவன் ஒருவனின் தனி வயலின் வாசிப்பை ஓர் இசைப்பதிவு நிறுவனம் தன்னுடையது என்று கோரியது. இயற்றியவர் இறந்த ஆண்டையும், வாசித்தது யார், பதிவு செய்தது யார் என்பதையும் எழுதி மறுப்பு அனுப்பினோம். மறுப்புக்குப் பதில் சொல்லக் கோரியவருக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. எங்களுக்கு அதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பயந்து வீடியோவை நீக்கிவிடுகிற பெற்றோர்தான் அதிகம். நீங்கள் நீக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இசைப் படைப்பின் உரிமை, இயற்றியவர் இறந்து ஐம்பது ஆண்டுகள்வரை இருக்கும். கறுப்பினத்து முன்னோடி இசையமைப்பாளர்களான கோல்ரிட்ஜ்-டெய்லர், செயிண்ட்-ஜார்ஜ் இருவரையும் தாராளமாக வாசிக்கலாம். மொயெரானே 1980-இல் மறைந்தவர், அவருக்கு இன்னும் உரிமை இருக்கிறது. பிரைஸின் கண்டெடுத்த படைப்புகளும், அவர் இறந்த பிறகே வெளியானவை என்பதால், பதிப்பகத்தின் அனுமதியோடு வாசிக்க வேண்டியவை. அனுமதி கேட்டு எழுதினால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் போடுவார்கள். அந்தக் கடிதமே ஒரு தொடர்பாகவும் மாறும்.

செயிண்ட்-ஜார்ஜ் பெயர் வந்ததால் சொல்கிறேன். குவாடலூப் தீவில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர், பாரிசில் வயலினிலும் வாள்வீச்சிலும் தலைசிறந்து நின்றார். கரும்புத் தீவிலிருந்து வந்தவர்! கரும்பு வெட்ட வந்தவர்களின் பேத்தி அவருடைய வயலின் கான்செர்ட்டோவைக் கற்றுக்கொண்டால் எனக்கு அது தனி மகிழ்ச்சி. ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். சுரத்தாள்கள் ஐஎம்எஸ்எல்பி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பணம். ஸ்பாட்டிஃபையிலிருந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பதிவு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒன்றும் கிடையாது என்று 2024 முதல் விதி. யூட்யூபில் விளம்பரப் பங்கு கிடைக்க ஆயிரம் சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும். பார்வைகளை விலைக்கு விற்பவர்கள் உங்களுக்கு நிச்சயம் எழுதுவார்கள். ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள், பதிவே நீக்கப்பட்டுவிடலாம். அதேபோல் ‘சர்வதேச விருது’ என்று சொல்லி யூரோவில் நுழைவுக் கட்டணம் கேட்டு, கட்டிய எல்லோருக்கும் தங்கப் பதக்கச் சான்றிதழ் அனுப்பும் இணையப் போட்டிகள் பெருகிவிட்டன. அந்தக் காசில் நல்ல தந்திகள் வாங்கலாம். டர்பனில் கேஇசட்என் பில்ஹார்மோனிக் இசைக்குழு நடத்தும் இளைஞர் கான்செர்ட்டோ விழா இருக்கிறது, 1964-இலிருந்து நடக்கும் தேசிய இளைஞர் இசைக்குழு இருக்கிறது. அவள் உழைப்பு அங்கே போகட்டும்.

ஆனால் உரிமைப் பதிவுகளைத் தள்ளிப்போடாதீர்கள். அவள் ஒரு பதிவை முறையாக வெளியிடும்போது அதற்கு ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு இட அடையாளக் குறியீடு வேண்டும். இங்கே அதற்கு ஒலிப்பதிவுத் துறையின் ரிசா அமைப்பை அணுக வேண்டும். பதிவு வானொலியில் ஒலித்தால் வாசித்தவருக்கான பங்கைச் சாம்ப்ரா வசூலித்துத் தரும், அதில் அவளைச் சேருங்கள். சாம்ரோ, இயற்றியவர்களுக்கானது, அவள் சொந்தமாக எழுதத் தொடங்கினால் அங்கேயும் சேர வேண்டும். தொகை சிறியதுதான். இருந்தும் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கோல்ரிட்ஜ்-டெய்லர் 1898-இல் ‘ஹயவாதாவின் திருமண விருந்து’ படைப்பைப் பதினைந்து கினிக்கு மொத்தமாக விற்றுவிட்டார். இங்கிலாந்து முழுவதும் பாட்டுக்குழுக்கள் அதைப் பாடின, சுரத்தாள்கள் ஆயிரமாயிரமாக விற்றன. 1912-இல் முப்பத்தேழு வயதில் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை. அந்தக் குடும்பத்தின் நிலை பலரை உலுக்கியது. இரண்டு வருடம் கழித்து அங்கே கலைஞர்களுக்கான உரிமைச் சங்கம் பிறந்தது. நம் நேட்டால் பகுதியின் பிள்ளை சாலமன் லிண்டா 1939-இல் பதிவு செய்த ‘ம்பூபே’ பாட்டுக்கு வாங்கியது பத்து ஷில்லிங். உலகமே பாடிய பாட்டு. அவர் மகள்களுக்கு நியாயம் கிடைக்க 2006 ஆயிற்று. கையெழுத்துப் போடும் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் போடாதீர்கள், அவளும் போடக் கூடாது.

ஊரிலேயே இன்னொரு காகிதம் இல்லாத ஒப்பந்தம் நடக்கிறது. “மண்டபத்தில் வந்து வாசிக்கட்டும், வீடியோ எடுத்து எங்கள் பக்கத்தில் போடுகிறோம், பெயர் கிடைக்குமே” என்பார்கள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பெயர் கொடுத்து அனுப்புகிறோமா? சுவாமி காரியத்துக்கு அவள் மனமுவந்து வாசிப்பது வேறு. திருமண வரவேற்பு என்றால் கட்டணத்தை முதலிலேயே சொல்லுங்கள். தொகை குறைவாக இருக்கலாம், இல்லாமல் இருக்கக் கூடாது.

இப்போது உங்கள் ஐவரின் பக்கம். இந்தியப் பிள்ளைகளோடு நிறுத்தாமல் ஆப்பிரிக்கப் பிள்ளைகளையும் சேர்க்க நினைத்தீர்களே, அதைப் படித்து நெகிழ்ந்தேன். 1953-இன் தனி வசதிச் சட்டம் அரங்கங்களையும் நிறப்படி பிரித்தது. டர்பனின் கறுப்பின நகரியங்களான குவாமாஷுவிலும் உம்லாசியிலும் பாட்டுக்குழுக்கள் ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹாண்டலைப் பாடிக்கொண்டிருந்தது சில மைல் தள்ளியிருந்த நமக்குத் தெரியாது. 2002-இல் இளவரசி மகோகோவைப் பற்றிய ஜூலு ஆபரா இதே டர்பன் பிளேஹவுஸில் அரங்கேறியது. இசை, ம்ஸிலிகாசி குமாலோ. நம்மில் எத்தனை பேர் போனோம்?

வெளிநாட்டில் இருவர் செய்ததைப் பாருங்கள். லண்டனில் டபுள் பேஸ் கலைஞர் சிச்சி நுவனோகு 2015-இல் சினெகே இசைக்குழுவைத் தொடங்கினார். கறுப்பின, பிற சிறுபான்மைக் கலைஞர்களுக்கு அவர் நாற்காலியும் சம்பளமும் கொடுத்தார். பிரசாரம் கச்சேரியிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் ஆரன் டுவார்கின் தொடங்கிய ஸ்ஃபிங்க்ஸ் அமைப்பு போட்டி நடத்தி உதவித்தொகை கொடுக்கிறது. சோவெட்டோவில் 1997 முதல் நடக்கும் பஸ்கெய்ட் தந்தி வாத்தியப் பள்ளி, லண்டன் ப்ராம்ஸ் இசைவிழா மேடைவரை போயிருக்கிறது. உங்களால் இசைக்குழு தொடங்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு கலைஞரை அறிமுகம் செய்ய முடியும். அவ்வளவு போதும், தினமும் எதையாவது போட வேண்டும் என்று ஓடாதீர்கள்.

யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் வீடியோவை எடுத்து உங்கள் பக்கத்தில் ஏற்றாமல் அவருடைய பக்கத்துக்கே இணைப்புக் கொடுங்கள். பார்வை அவர் கணக்கில் சேரட்டும். பிறகு ஒரே கேள்வி: “இப்போது உனக்கு எது வேண்டும்?” ஒருவனுக்குத் தந்தி வேண்டும். ஒருத்திக்கு ஜொஹானஸ்பர்கில் தேர்வுக்குப் போக பஸ் டிக்கெட் வேண்டும். இன்னொருவருக்கு மாணவர்கள் வேண்டும். அதைப் பதிவின் கடைசி வரியில் தெளிவாக எழுதுங்கள். தொகை திரட்டுவதானால் பேக்கபடி போன்ற உள்ளூர்த் தளத்தில், எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள் என்று விலைச்சீட்டோடு போடுங்கள். வாங்கியதும் ரசீதைக் காட்டுங்கள். கணக்கை உங்களில் இருவர் சேர்ந்து பாருங்கள். நன்கொடைக்கு வரிச் சலுகைச் சான்றிதழ் தருவோம் என்று வாக்களிக்காதீர்கள், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அனுமதி பெற்ற அமைப்புகளால் மட்டுமே அது முடியும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதை எழுத்தில் வாங்குங்கள். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், கார் எண் படத்தில் வர வேண்டாம். கச்சேரி முடிந்து வீடு வந்த பிறகு படம் போடுங்கள். அழைப்புகளுக்குத் தனி மின்னஞ்சல் வைத்து அதை நீங்களே திறங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் மூன்றாவது வீடியோவில் பின்னால் ஒருவர் பியானோ வாசிக்கிறார். பாதி முதுகுதான் தெரிகிறது, பெயர் எங்கும் இல்லை. ஆனால் நடுவில் உங்கள் மகள் ஒரு தாளம் முந்திப் போனபோது அவர் சட்டென்று கூடவே போய் அவளைப் பிடித்துக்கொண்டார். கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. நல்ல பக்கவாத்தியக்காரரின் வேலை அது. அவர் யார், எங்கே கற்றார், இப்போது அவருக்கு எது வேண்டும் என்று இந்த வாரம் போய்க் கேளுங்கள். உங்கள் பக்கத்தின் முதல் பதிவு அவரைப் பற்றியதாக இருக்கட்டும்.